அவனுக்கென்று ஒரு சார்ட்

புது டெல்லி
19 மே 2024

என்னங்க,

போன வாரம் நீங்கள் போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. அதற்கு முந்தின வாரமும் எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்திருந்தால் அது தப்பு, வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. நான் எதைக் கேட்டாலும் "சாப்பிட்டியா, கேஸ் வந்துச்சா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் மற்ற சிப்பாய்கள் வரிசையில் நிற்பது எனக்கும் தெரிகிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் பேச்சை மாற்றினால் மாற்றியது எழுத்தில் நிற்கும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். குர்காவ்ன் பக்கம் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனி. ராஜி மாமியை நினைவிருக்கும், நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சரோஜினி நகரிலிருந்து ரசம் சாதம் கொண்டு வந்தவர். அவர் மகள் ஜ்யோத்ஸ்னா அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவள்தான் என்னைச் சேர்த்துவிட்டாள். விலங்கியல் படித்துவிட்டு ஆறு வருஷமாகச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன், படித்தது இப்போதுதான் வெளியே வருகிறது. மூன்று மாதம் பயிற்சி. பிறகு கொஞ்ச நாள் தற்காலிகம். தேறினால் நிரந்தரம்.

கோவில்பட்டிக்கு நான் போகப் போவதில்லை. அத்தை ஊருக்குக் கிளம்பும்போது என்னையும் கூப்பிட்டார்கள், நான்தான் வரவில்லை என்றேன். குவார்ட்டர்ஸில் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தான் வேலைக்கே போனேன். ஊருக்குப் போனால் சுவருக்குப் பதில் சொந்தக்காரர்கள் வந்து உட்காருவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நான் கேட்க வேண்டியது. பிப்ரவரியில், எட்டாம் மாதத்தில், எனக்கு உதிரம் கொட்டி ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தேன். ஆண் குழந்தை, செத்தே பிறந்தது, மண்ணில் வைத்தாயிற்று என்று அத்தை சொன்னார்கள். தாய் முகம் பார்க்கக் கூடாது என்றார்கள். எனக்கு யாரும் காட்டவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போனவர் நீங்கள். அவன் முகத்தைப் பார்த்தவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். அவன் எப்படி இருந்தான்? நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன், "அத விடு செல்வி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். விட முடியவில்லை. எழுதுங்கள்.

தமிழ்செல்வி


56 ஏ.பி.ஓ.
4 ஜூன் 2024

செல்விக்கு,

கடிதம் இங்கே பனிமலை முகாமுக்கு ஹெலிகாப்டரில் வந்தது. என் கூடாரத்தில் இருக்கிற நம்ம பக்கத்துப் பையன் கருப்பசாமிதான் மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "அண்ணே, அண்ணி ரொம்ப அழுத்தி எழுதியிருக்காக, பின்பக்கம் தடவினாலே எழுத்து கைல படுது" என்று சிரித்தான். இங்கே ஒருவனுக்குக் கடிதம் வந்தால் கூடாரம் முழுக்க வந்த மாதிரி. பார்த்து எழுது.

யாரைக் கேட்டு வேலைக்குச் சேர்ந்தாய்? வயிற்றில் தையல் ஆறி எத்தனை நாள் ஆகிறது? டெல்லி வெயிலில் குர்காவ்ன் வரைக்கும் போய் வர வேண்டுமா? அம்மா போனில் அழுகிறாள். "மருமகள அத்துவானத்துல விட்டுட்டு வந்துட்டேன்னு ஊருல என்னையத்தான பேசுவாக" என்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? உன் சம்பளத்தை நம்பி இங்கே யாரும் இல்லை.

அது என்ன வேலை என்றும் எனக்குப் புரியவில்லை. டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, ஊரார் சீக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை என்று கருப்பசாமி சொன்னான். இருக்கிற வேதனை போதாதென்று அதையும் போய்ப் படிக்கிறாயாக்கும்.

நீ கேட்டது முடிந்துபோன விஷயம். அதைக் கிளறினால் யாருக்கும் நல்லதில்லை. நான் மறந்துகொண்டிருக்கிறேன், நீயும் மற.

இங்கே பகலிலும் குளிர்தான். சாப்பாடு நன்றாக இருக்கிறது. சாம்பார் என்ற பெயரில் ஒன்று செய்கிறார்கள், அதைப் பற்றி எழுதினால் அழுதுவிடுவாய். உடம்பைப் பார்த்துக்கொள். முருங்கைக்கீரை கிடைத்தால் வாங்கு.

ஜெயசீலன்


புது டெல்லி
23 ஜூன் 2024

என்னங்க,

பேச்சை மாற்ற முருங்கைக்கீரையா கிடைத்தது? சரி.

என் வேலையைப் பற்றி இனிமேல் கருப்பசாமியிடம் கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர் என்ன கண்டார், என்ன செய்தார் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைக்கிறார்கள். அதுதான் சார்ட். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. சார்ட்டைப் படித்து, சரியான எண்ணைப் போடுகிறவள் நான். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுப்பான். நாய் கடித்தால் ஒரு எண், பூனை கடித்தால் வேறு எண், கிளி கொத்தினால்கூட ஒரு எண் இருக்கிறது. முதல் வாரம் சிரித்து மாளவில்லை.

காலையில் ஆபீஸ் கேப் வந்துவிடும். ஜ்யோத்ஸ்னா ஏற்கனவே உள்ளே தூங்கிக்கொண்டிருப்பாள். தௌலா குவான் நெரிசலில் கண்ணைத் திறந்து, "அக்கா, ஜல்தி பஹுஞ்ச் கயே தோ சமோசா சாப்பிடலாம்" என்பாள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால்தான் சமோசாவாம். இங்கேயே பிறந்த பெண், தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான் இந்தக் கடிதத்தை எழுதும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட எனக்குக் கூச்சமில்லை. ஆபீஸுக்குள்ளே போன் கூடாது, பேனா கூடாது, துண்டுக் காகிதம்கூடக் கூடாது. நோயாளியின் விவரம் வெளியே போய்விடக் கூடாதாம். எல்லாவற்றையும் வாசலில் பெட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே போகிறோம்.

முதல் நாளே நரேன் சார் ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். அவர்தான் எங்களுக்கு மேற்பார்வை. டாக்டர் எழுதாததை நாமாக ஊகித்து எண் போடக் கூடாது. நோயாளி இருமுகிறார், சளி இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, படித்தால் நிமோனியா என்று நமக்கே தெரிகிறது. ஆனாலும் டாக்டர் எழுதவில்லை என்றால் போடக் கூடாது. எழுதாதது நடக்கவே இல்லை. அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்குக் கேப்பில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவனைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. எட்டு மாதம் என் வயிற்றில் உதைத்தவன் நடக்கவே இல்லை என்று ஆகிறதே. நீங்கள் மறந்துகொண்டிருக்கிறேன் என்கிறீர்கள். நீங்களும் மறந்துவிட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? எழுதுங்கள்.

தமிழ்செல்வி


56 ஏ.பி.ஓ.
11 ஜூலை 2024

செல்விக்கு,

உன் ஆபீஸ் விதியை என்னிடம் காட்டாதே. நான் உன் அமெரிக்க டாக்டர் இல்லை.

அன்றைக்குப் பெரியவர்கள் யோசித்துத்தான் காட்ட வேண்டாம் என்றார்கள். முகத்தைப் பார்த்த தாய் எழுந்திருக்க மாட்டாள் என்று நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். என் சித்திக்கும் இப்படி ஒன்று ஆனது. சித்தப்பா பொட்டலத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போனார், வந்தார், குளித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. சித்தி அடுத்த வருஷம் மூத்தவனைப் பெற்றாள். நம் வீட்டில் மட்டும் என்ன புது வழக்கம்?

நமக்கு வயசு இருக்கிறது. டாக்டரம்மாவும் ஒரு வருஷம் போகட்டும், தடையில்லை என்றுதான் சொன்னார். அக்டோபரில் லீவு கேட்டிருக்கிறேன். வந்ததும் இருவரும் ஊருக்குப் போகலாம். இன்னொன்று பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

அதைப் பற்றி இனி எழுதாதே. நீ எழுதுகிற கடிதத்தை நான் துப்பாக்கி துடைக்கிற இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. படித்துவிட்டு அன்று முழுக்க என்னால் ஒருவனோடும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. இந்த மலையில் காவல் இருப்பவன் அப்படி இருக்கக் கூடாது. உனக்குச் சொன்னால் புரியாது.

ஜெயசீலன்


புது டெல்லி
18 ஆகஸ்ட் 2024

என்னங்க,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. இதிலும் கோபம் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பயிற்சித் தேர்வில் தேறிவிட்டேன். இப்போது நிஜமான சார்ட்டுகள். எனக்குப் பிரசவப் பிரிவைக் கொடுத்திருக்கிறார்கள். நரேன் சாருக்கு என் கதை தெரியாது, நானும் சொல்லவில்லை. ஜ்யோத்ஸ்னா போய்ச் சொல்லி மாற்றித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். பெரும்பாலும் நல்லபடியான பிரசவம்தான். தாய்க்கு ஒரு சார்ட், குழந்தைக்கு ஒரு சார்ட், இரண்டு பேரும் வீட்டுக்குப் போகிறார்கள். படித்து முடித்து அடுத்ததைத் திறக்கும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டிக்காரியாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

வெளியேதான் கஷ்டம். போன ஞாயிற்றுக்கிழமை ராஜி மாமி என்னைச் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "சும்மா ஆத்துல உக்காந்துண்டே இருக்காதேடி கொழந்தே, வா, ரெண்டு குர்தியாவது வாங்கிக்கோ" என்றார். கூட்டத்தில் ஒருத்தி தோளில் குழந்தை. நான் பின்னாலேயே போய்விட்டேன். அந்தக் குழந்தைக்குச் சப்பை மூக்கு. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று பார்த்துக்கொண்டே இரண்டு சந்து தாண்டிவிட்டேன். அவள் திரும்பி, "க்யா ஹை தீதி?" என்றாள், என்ன வேண்டும் என்று முறைத்தாள். குழந்தை பிடிக்கிறவள் என்று நினைத்திருப்பாள். மாமி வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

இது ஒருநாள் கதை இல்லை. மதர் டெய்ரி பால் கடை வாசலில், மெட்ரோவில், மலை மந்திர் முருகன் கோயில் படியில், எங்கே குழந்தையைப் பார்த்தாலும் அந்த முகத்தை எடுத்து அவனுக்கு வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் பொருந்துவதில்லை. பொருந்தினாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. அவனுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் மற்றக் குழந்தைகளை நான் விட்டுவிடுவேன்.

இன்னொன்று பிறந்தால் சரியாகும் என்கிறீர்கள். அதன் முகத்திலும் நான் இவனைத்தான் தேடுவேன். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன். ஊருக்கு என்னைக் கூட்டிப்போகத்தான் அக்டோபரில் வருகிறீர்கள் என்றால் வர வேண்டாம்.

தமிழ்செல்வி


56 ஏ.பி.ஓ.
9 செப்டம்பர் 2024

செல்வி,

லீவு இல்லை என்றுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் இருவர் உடம்பு முடியாமல் கீழே இறங்கிவிட்டதால் இருக்கிறவர்கள்தான் நிற்க வேண்டும். நீயும் வர வேண்டாம் என்று எழுதிவிட்டாய். ஆக எல்லோரும் சேர்ந்து என்னை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டீர்கள்.

பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீரை அடுப்பில் உருக்கித்தான் குடிக்கிறோம். இந்த மாதம் முடிந்தால் ஹெலிகாப்டர் வருவதும் வானம் விட்ட வழி.

மார்க்கெட்டில் நடந்ததைப் படித்தேன். நீ யாரோ ஒருத்தி பின்னால் போய் நின்றதை நினைத்தால் எனக்கு என்னமோ செய்கிறது. இனி தனியாகப் போகாதே. மாமியோடோ அந்தப் பெண்ணோடோ போ.

எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவனுக்கு

(இந்த இடத்தில் இரண்டு வரி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே. என்னால் முடியவில்லை. நான் எழுதத் தெரியாதவன் என்று இல்லை. எழுதினால் அதோடு நிற்காது, மற்றதையும் எழுத வேண்டிவரும்.)

உன் வேலை நிரந்தரமாகிவிட்டதா? அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ அங்கேயே இரு.

ஜெயசீலன்


புது டெல்லி
20 அக்டோபர் 2024

என்னங்க,

வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்த்தேன். பிடிக்காமல் இருப்பேனா? ஒரே ஒரு சொல் தெரிந்தது. "முடி." முடி இருந்ததா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. இருந்தது என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு சொல்லோடு ஒரு மாதத்தை ஓட்டிவிட்டேன்.

அம்மாவிடம் பேசுகிறேன் என்றீர்களே, அதற்கு நன்றி. ஆனால் வேலை நிரந்தரமாகுமா என்பது சந்தேகம். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

செத்துப் பிறந்த குழந்தைக்கு எங்கள் கணக்கில் தனிச் சார்ட் கிடையாது. தாயின் சார்ட்டிலேயே, பிரசவத்தின் முடிவு என்ற இடத்தில், ஒரு எண் போட வேண்டும். அவ்வளவுதான். குழந்தைக்கு என்று இருக்கிற எண்களைத் தாயின் சார்ட்டில் எக்காரணம் கொண்டும் போடக் கூடாது. அவை குழந்தையின் சார்ட்டுக்கு மட்டும்தான். பயிற்சியில் இதற்கு நான்தான் வகுப்பிலேயே முதலில் கை தூக்கிப் பதில் சொன்னேன்.

இந்த மாதம் அப்படி ஒரு சார்ட் வந்தது. அந்த ஊர் நர்ஸ் எழுதிய குறிப்பைப் படித்தேன். குளிப்பாட்டினார்களாம். தொப்பி போட்டார்களாம். தாயின் கையில் கொடுத்தார்களாம், அவள் வேண்டும் என்கிற வரை வைத்திருந்தாளாம். பாதத்தை மையில் ஒற்றி ஒரு அட்டையில் பதித்துக் கொடுத்தார்களாம். தலைமுடி கறுப்பு என்றுகூட எழுதியிருந்தார்கள். அங்கே காட்டுகிறார்கள். காட்டிய பிறகும் அந்தத் தாய் எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள், அதையும் எழுதியிருந்தார்கள்.

இதில் எதற்குமே எண் கிடையாது. எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் கடைசியில் அந்த ஒரே எண்ணைப் போட வேண்டும். என்னால் முடியவில்லை. தாயின் சார்ட்டிலேயே குழந்தைக்கான எண்ணையும் போட்டேன். தப்பு என்று தெரிந்தேதான் போட்டேன். அடுத்து வந்த இன்னொன்றிலும் போட்டேன். தணிக்கையில் இரண்டும் பிடிபட்டன.

நரேன் சார் கூப்பிட்டார். அவரும் தமிழ்தான், புசா ரோடு தமிழ் ஸ்கூலில் படித்தவர். "என்னம்மா, பேசிக் மிஸ்டேக். வேற யாராவது செஞ்சா புரியும். நீங்களா?" என்றார். தணிக்கைத் தாளை என் முன்னால் தள்ளி வைத்தார். "இன்னொரு வாட்டி வந்தா என்னால காப்பாத்த முடியாது" என்றார். வெளியே வந்து ஜ்யோத்ஸ்னா தோளில் சாய்ந்து அழுதேன். "அக்கா, சோடோ நா, விட்டுடுங்க, நான் அப்பாகிட்ட வேற வேலை கேக்கறேன்" என்று அவளும் அழுதாள்.

வேறு வேலை எனக்கு வேண்டாம். இந்த வேலை பிடித்திருக்கிறது. எனக்கு நன்றாகவும் வருகிறது. ஆனால் அடுத்த முறை அப்படி ஒரு சார்ட் வந்தால் என் கை சும்மா இருக்குமா என்று தெரியவில்லை. அவனை எங்காவது எழுதி வைத்துவிட வேண்டும் என்று கை துடிக்கிறது. நீங்கள் எழுதினால் என் கை அடங்கும். மற்றதையும் எழுத வேண்டிவரும் என்றீர்கள். அந்த மற்றது என்ன? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

தமிழ்செல்வி


56 ஏ.பி.ஓ.
6 நவம்பர் 2024

செல்வி,

இதை ஒரே மூச்சில் எழுதுகிறேன். திரும்பிப் படித்தால் அனுப்ப மாட்டேன்.

அவன் செத்துப் பிறக்கவில்லை.

மத்தியானம் உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அம்மாவும் வெளியே பெஞ்சில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து தாய்க்கு ரத்தம் நிறையப் போய்விட்டது, குழந்தைக்கு மூச்சு சரியாக வரவில்லை, முயன்று பார்க்கிறோம் என்றார். முயன்றார்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரு மலையாளத்து நர்ஸம்மா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "அச்சன் வா, கையில வாங்கிக்கோ. அதிகம் நேரம் இல்லா" என்றார். அப்பா என்று என்னைத்தான் சொன்னார். பச்சைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார்.

அவனுக்குத் தலை நிறைய முடி. ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது, நான் விரலால் ஒதுக்கிவிட்டேன். இடது காது மேல்பக்கம் கொஞ்சம் மடங்கியிருந்தது. நகம் நீளமாக இருந்தது, இவ்வளவு சின்ன விரலுக்கு இவ்வளவு நகமா என்று நினைத்தேன். நிறம் உன் நிறம். மூக்கு சப்பை இல்லை, எங்க அப்பாவுக்கு மாதிரி. புருவத்தைச் சுருக்கி வைத்திருந்தான். நீ கோபத்தில் பேசாமல் இருக்கும்போது புருவத்துக்கு நடுவில் ஒரு மடிப்பு விழுமே, அந்த மடிப்பு அப்படியே இருந்தது. கண் திறக்கவில்லை. வாய் மட்டும் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது. என் சுண்டுவிரலைப் பிடித்தான். பிடித்தான் என்று சொல்லலாமா தெரியவில்லை, நான் விரலை வைத்தேன், அவன் விரல்கள் மூடிக்கொண்டன. எவ்வளவு நேரம் என்று கேட்காதே, நான் கடிகாரம் பார்க்கவில்லை. பிறகு விட்டுவிட்டான்.

அந்த நேரம் முழுக்க நீ அடுத்த அறையில்தான் இருந்தாய். நடுவில் ஒரு கதவு. உன்னை எழுப்ப முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள்.

நீ கண் விழித்துக் கேட்டபோது நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, "தாயி, புள்ள செத்தே பொறந்துட்டு, அழாத" என்றாள். உன் முகத்தைப் பார்த்தேன். அதுவே உனக்குத் தாங்கவில்லை. அவன் இருந்தான், நீ ஒரு கதவுக்கு அந்தப்பக்கம் தூங்கிக்கொண்டிருந்தாய் என்பதை அதற்கு மேல் எப்படிச் சொல்வேன்? செத்தே பிறந்தான் என்று இருந்தால் நீ அவனைத் தவறவிட்டதாக ஆகாது என்று நினைத்தேன். மற்றதை நானே சுமந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். இந்த மலையில் என்னால் இருபது கிலோவைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க ஏற முடிகிறது. இதை முடியவில்லை.

யமுனை ஓரம் குழந்தைகளுக்கான இடத்தில் வைத்தோம். ராஜி மாமி வீட்டுக்காரர் காரில் கூட்டிக்கொண்டு போனார். என் கையாலேயே மண் போட்டேன்.

நீ கேட்டாய், எழுதிவிட்டேன். இனி நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி.

ஜெயசீலன்


புது டெல்லி
24 நவம்பர் 2024

என்னங்க,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை மாலை கிடைத்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ராஜி மாமி வந்து பக்கத்திலேயே இருந்தார். அவர் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கிறது, அவரும் மாமியிடம்கூடச் சொல்லவில்லை. உங்கள் எல்லோர் மேலும் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. என் பிள்ளை உயிரோடு இருந்ததை என்னிடம் மறைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஒன்பது மாதம் நான் அவனைச் செத்துப் பிறந்தவன் என்று சொல்லி அழுதேன். அவன் அழுதானா என்றுகூட எனக்குத் தெரியாது. அழுதானா? அதை எழுதவில்லையே நீங்கள்.

அத்தை மடித்துப் பீரோவில் வைத்த என் டிஸ்சார்ஜ் தாளை வியாழக்கிழமைதான் பிரித்தேன். ஊரார் சார்ட்டையெல்லாம் படிக்கிறவளுக்கு இதைப் பிரிக்கத் தைரியம் இல்லாமல் இருந்தது. "குழந்தை இறந்துவிட்டது" என்று ஒரு வரி. பிறக்கும் முன்பா, பின்பா என்று இல்லை. இப்படி ஒரு சார்ட் என் மேஜைக்கு வந்திருந்தால், இது தெளிவில்லை என்று டாக்டருக்கே கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜ்யோத்ஸ்னாவும் வந்தாள். புகைமூட்டத்தில் எதிரே வருகிற ஆட்டோகூடத் தெரியவில்லை. பழைய கோப்புகள் வைக்கிற அறையில் இருந்த ஊழியர் முதலில் முடியாது என்றார். ஜ்யோத்ஸ்னா இந்தியில் ஒரு பாட்டம் சண்டை பிடித்தாள். அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு மூச்சு விட்டாலே உயிரோடு பிறந்தவன் என்றுதான் கணக்கு. அப்படிப் பிறந்தால் அவன் தாயின் சார்ட்டில் ஒரு வரி இல்லை, தனி ஆள். அவனுக்கென்று ஒரு கோப்பு இருந்தது. மெல்லியதுதான். மேலே "பேபி ஆஃப் தமிழ்செல்வி" என்று எழுதி, அவனுக்கென்று ஒரு பதிவு எண் போட்டிருந்தார்கள். அது என் எண் இல்லை, அவனுடையது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எழுதிய முகத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். மடிந்த காது, நகம், புருவம் எல்லாம். வெள்ளிக்கிழமை வேலைக்குத் திரும்பினேன். அப்படி ஒரு சார்ட் வந்தது. ஒரே ஒரு எண்ணைப் போட்டுவிட்டு அடுத்ததைத் திறந்தேன். மாலையில் நரேன் சார் நிரந்தரக் கடிதத்தைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

குழந்தையின் சார்ட்டுக்கு எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. என்ன கோளாறு, எத்தனை கோளாறு, முடிவு என்ன என்பதெல்லாம் கீழேதான் வரும். முதல் வரியில் பிறந்தான் என்பதைத்தான் போட வேண்டும்.

அவன் பிறந்ததை ஆஸ்பத்திரியே பிறப்புப் பதிவேட்டில் பதிந்துவிட்டது. பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அதைச் சேர்க்கத் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போது வாருங்கள். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வராதீர்கள், தீரவில்லை. ஆனால் பெயரை நான் தனியாக வைக்க மாட்டேன். பார்த்தவர் நீங்கள்தான். அந்த முகத்துக்கு எது பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தமிழ்செல்வி